சம்பளம் உயரணுமா? முதலில் சம்பளச் சீட்டை எடுத்து மேஜையில் வையுங்கள்

குறைந்தபட்சச் சம்பளத்தை அரசாங்கம் இன்னும் உயர்த்த வேண்டுமா, வேண்டாமா? மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் பீடோரில் இந்தப் பேச்சு எடுத்தால் தே தாரிக் ஆறிப்போகும், பேச்சு முடியாது. “ஏத்துனா நாசி லெமாக் விலையும் ஏறும், அவ்வளவுதான்” என்பார் ஒருவர். “ஏத்தாம இருந்தா மட்டும் ஏறாமலா இருக்கு?” என்பார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை உண்டு. எவ்வளவு உண்மை என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்தான் இல்லை.

நான் தோட்ட ஆபீசில் பல வருஷம் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவளாக, இருந்தவள். இப்போது டவுனில் சின்னக் கடைகளுக்குச் சம்பளக் கணக்கு, ஈ.பி.எஃப். (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) எல்லாம் பார்த்துக் கொடுக்கிறேன். சாயங்காலம் தோட்டத்து ஆட்கள் சம்பளச் சீட்டோடு வந்து, “கிராணியம்மா, இந்த வரி என்னன்னு கொஞ்சம் பாருங்க” என்பார்கள். கொடுக்கிறவர் கணக்கும் வாங்குகிறவர் கணக்கும் ஒரே மேஜைக்கு வருவதால், நான் பார்க்கிற முறையை எழுதுகிறேன். உங்களுக்கு மூன்று காகிதம் வேண்டும்: போன மாதச் சம்பளச் சீட்டு, வீட்டுச் செலவு எழுதிய நோட்டு, தெரிந்த கடைக்காரர் ஒருவரின் ஒரு மாதக் கணக்கு. மூன்றாவதுதான் லேசில் கிடைக்காது. முதலாளியை மடக்கக் கேட்கவில்லை என்று சொல்லிக் கேளுங்கள். பலர் மனம்விட்டுப் பேசுவார்கள்.

‘அடிப்படை’ என்ற வரி

இப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் 2025 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ளது. ஐந்து பேருக்குக் குறைந்த சின்ன இடங்களுக்கு ஆறு மாதம் தவணை கொடுத்து, ஆகஸ்ட் 1 முதல் எல்லாருக்கும் என்று ஆக்கினார்கள். வீட்டு வேலைக்காரர்களுக்கு இந்தக் குறைந்தபட்சச் சம்பள ஆணை கிடையாது. அது தனியாகப் பேச வேண்டிய வயிற்றெரிச்சல்.

சீட்டின் அடியில் இருக்கும் மொத்தத்தைப் பார்க்காதீர்கள். மேலே அடிப்படைச் சம்பளம், மலாயில் ‘காஜி போக்கோக்’, என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில்தான் 1,700 நிற்க வேண்டும். அடிப்படை 1,500, வருகைப் படி 120, போக்குவரத்துப் படி 80, ஆக மொத்தம் 1,700 என்று ஒரு சீட்டு வந்தால் கூட்டல் சரி, சம்பளம் சரியில்லை. 200 வெள்ளி குறைகிறது. படிகளையும் ஓ.டி.யையும் அடிப்படைக்கு மேலேதான் வைக்க வேண்டும், அடிப்படைக்குள் போட்டு நிரப்பக் கூடாது.

நாள் சம்பளக்காரர்களுக்கு: வாரம் ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 65.38 வெள்ளிக்குக் குறையக் கூடாது. ஐந்து நாள் வேலை என்றால் 78.46. மணிக் கணக்கு என்றால் 8.72. இந்த எண்களைக் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்க வேண்டுமென்றால் 1,700-ஐ 12-ஆல் பெருக்கி, 52 வாரத்தால் வகுத்து, வார வேலை நாளால் இன்னொரு தடவை வகுங்கள். மணிக் கணக்குக்குக் கடைசியில் 45 மணியால் வகுக்க வேண்டும். 2023 முதல் வார வேலை நேரம் அதுதான், முன்பு 48.

இந்த இடத்திலேயே பலருக்கு விவாதத்தின் பாதி தீர்ந்துவிடும். 2,000 ஆக்கு, 2,500 ஆக்கு என்று கேட்கிறவர் சீட்டில் 1,700 இன்னும் வந்து சேரவில்லை என்றால், முதல் வேலை வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டன் கணக்குக்காரர்கள் இன்னும் கொஞ்சம் உட்காருங்கள்

தோட்டத்தில் விஷயம் இவ்வளவு சுலபம் இல்லை. செம்பனையில் பழம் வெட்டுகிறவருக்கும் ரப்பரில் பால் வெட்டுகிறவருக்கும் சம்பளம் எடைக்குப் போடப்படும். அவர்களுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. டன் கணக்கு, துண்டு வேலை, கமிஷன் எதுவானாலும் மாதச் சம்பளம் 1,700-க்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஆணையே சொல்கிறது. குறைந்தால் கம்பெனி நிரப்ப வேண்டும். சீட்டில் அதற்கு ‘டாப் அப்’ என்றோ வேறு பெயரிலோ தனி வரி இருக்கும். இலை உதிர்காலத்தில் பால் வற்றிப்போகும் மாதங்களில் அந்த வரியைத் தேடுங்கள். வரியே இல்லாமல் 1,300, 1,400 என்று சீட்டு வந்தால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மழை நாளும் அப்படித்தான். “மழை, பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) இல்லை, வீட்டுக்குப் போ” என்று திருப்பி அனுப்பினால் அந்த நாளின் சம்பளம் யார் தலையில்? 1955 வேலைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு தோட்டத்துக்கென்றே எழுதப்பட்டது: நாள் கணக்கில் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாளாவது வேலை கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாவிட்டால் அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். செக்ரோல் (ஆள் வருகை, சம்பளப் பதிவேடு) எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். வெட்டுகிறவர்களில் தெரிந்தவர் குறைவு.

இனிச் சொல்லப்போவதை எந்தச் சீட்டிலும் பார்க்க முடியாது.

ஒரு பேச்சுக்கு டன்னுக்கு 40 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆள் தனியாக நாளைக்கு 1.4 டன் வெட்டுகிறார். 26 நாளில் 36.4 டன். சம்பளம் 1,456. கம்பெனி 244 வெள்ளி நிரப்ப வேண்டும். சரி. இப்போது அவர் மனைவி விடியற்காலையில் சமையலை முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சாக்கும் தூக்கிக்கொண்டு அதே நிரைக்கு, அவர் வெட்டும் மர வரிசைக்கு, போகிறார். மரத்தடியில் குனிந்து, முள்ளுக்கும் மட்டைக்கும் இடையே சிதறிக் கிடக்கும் உதிரிப் பழத்தைக் கையால் வாரிச் சாக்கில் போடுகிறார், மட்டை அடுக்குகிறார். அதனால் வெட்டுகிறவர் வெட்டு வேலையை மட்டும் பார்க்கிறார், நாளைக்கு 1.7 டன் ஆகிறது. மாதம் 44.2 டன், 1,768 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளத்தைத் தாண்டிவிட்டது. டாப் அப் வரி காணாமல் போய்விட்டது. செக்ரோலில் ஒரே பெயர், புருஷன் பெயர். அந்த அம்மாவுக்குச் சீட்டு இல்லை, ஈ.பி.எஃப். இல்லை, உளி வழுக்கியோ பாம்பு கடித்தோ விழுந்தால் சொக்சோவும் இல்லை.

ஆக, 1,768 என்பது ஒருவர் சம்பளமா, இருவர் சம்பளமா? இருவர் என்றால் சட்டப்படி அங்கே 3,400 இருக்க வேண்டும். உங்கள் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ இப்படி இருந்தால், கணக்கு நோட்டில் ‘எத்தனை பேர் உழைப்பு’ என்று தனியாக ஒரு கட்டம் போடுங்கள். குறைந்தபட்சச் சம்பளத்தை 1,700-இலிருந்து 2,000 ஆக்கினாலும், டன் விலையும் நாள் டார்கெட்டும் அப்படியே இருந்து, பெயர் எழுதாத ஆள் நிரையில் நின்றால், கூடுதல் 300-ஐச் சம்பாதித்துக் கொடுப்பது அந்த அம்மாவின் முதுகாகத்தான் இருக்கும். ஆண்களிடம் இதைச் சொன்னால் சிரித்துக்கொண்டே, “அவ சும்மா கூட வர்றா அக்கா” என்பார்கள். சும்மா வருகிறவர் சாக்கை எடுத்துக்கொண்டு வருவாரா?

சிறு தோட்டங்களில் பாதிக்குப் பாதி பங்குக்குப் பால் வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. ரப்பர் விலை விழுந்தால் பங்கும் விழும், அவ்வளவுதான்.

எண் ஏறிவந்த பாதை

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சட்டம் 2011-இல் வந்தது. முதல் எண் 2013-இல் தீபகற்பத்துக்கு 900, சபா சரவாக்குக்கு 800. 2016 ஜூலையில் 1,000, அங்கே 920. 2019-இல் நாடு முழுவதும் 1,100. 2020 பிப்ரவரியில் 1,200 ஆனது, ஆனால் 56 மாநகர, நகராண்மைக் கழகப் பகுதிகளுக்கு மட்டும். பீடோர் தாப்பா மாவட்ட மன்றத்தின் கீழ் இருப்பதால் எங்களுக்கு அந்த 100 வெள்ளி வரவில்லை. அதே வேலைக்குத் தெலுக் இந்தானில் 1,200, பஸ் ஏறி இங்கே வந்தால் 1,100. அரிசி என்னவோ இரண்டு ஊரிலும் ஒரே விலைதான். பிறகு 2022 மே மாதம் எல்லா ஊருக்கும் 1,500.

தீபகற்பக் கணக்கில் 12 வருஷத்தில் 900 என்பது 1,700 ஆகியிருக்கிறது. வருஷத்துக்குப் பிரித்தால் 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். இது பயப்படுகிற வேகம் இல்லை. ஆனால் வருஷா வருஷம் 5 சதவீதமாக வரவில்லையே! பீடோரில் 1,100 நேராக 1,500 ஆனது. ஒரே தாவலில் 36 சதவீதம். கடைக்காரர்கள் அலறியதில் நியாயம் இருந்தது. எண்ணைவிட, அது எப்போது வரும் என்று தெரியாமல் இருந்ததுதான் அவர்களைத் திணறடித்தது.

கடைக்காரர் நோட்டு

1,700 சம்பளத்துக்கு முதலாளியின் ஈ.பி.எஃப். பங்கு 13 சதவீதம், 221 வெள்ளி. சொக்சோ, வேலை காப்புறுதி எல்லாம் சேர்த்தால் ஒரு ஆளுக்கு ஏறத்தாழ 1,950 ஆகிறது. சம்பளம் 200 ஏறினால் கடைக்காரருக்கு ஏறுவது 230 அளவில்.

நான்கு பேர் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையை எடுத்துக்கொள்வோம். மாதம் 920 வெள்ளி கூடுதல். நாளைக்கு 300 தட்டு சோறு, 26 நாள், ஆக 7,800 தட்டு. ஒரு தட்டுக்கு 12 காசு. அந்தக் கடையில் ‘சம்பளம் ஏறிடுச்சு’ என்று சொல்லித் தட்டுக்கு ஒரு வெள்ளி ஏற்றினால், மீதி 88 காசு எதற்கு என்று கேட்கலாம். கோழி விலையும் வாடகையும் ஏறியிருந்தால் அதைச் சொல்லட்டும். எல்லாப் பழியையும் பாத்திரம் கழுவுகிறவர் தலையில் போட வேண்டாம்.

அதே கணக்கைச் சின்னக் கடைக்குப் போடுங்கள். இரண்டு ஆள், நாளைக்கு 80 தட்டு. 460 வெள்ளியை 2,080 தட்டுக்குப் பிரித்தால் 22 காசு. முடிதிருத்தும் கடை, தையல் கடை என்று போனால் பளு இன்னும் கூடும். அங்கே செலவில் பெரும் பங்கு கைவேலைதான், விலையை ஏற்றினால் ஆள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். முதலாளியே மாதம் 2,000 எடுத்துப் போனால் பெரிது என்றிருக்கும் கடைகளின் நோட்டை நான் பார்த்திருக்கிறேன். இவர்களையும் பெரிய தோட்டக் கம்பெனியையும் ‘முதலாளிமார்’ என்று ஒரே மூட்டையில் கட்டுவது சரியில்லை.

தோட்டக் கம்பெனிக்கு வேறு கணக்கு. செம்பனை எண்ணெய்க்கு விலை உலகச் சந்தையில் வைக்கப்படுகிறது; சம்பளம் ஏறியதென்று விலையை ஏற்ற முடியாது. அதனால் ஏறும் சம்பளத்தை இலாபத்தில் தாங்க வேண்டும், அல்லது இயந்திரத்தைக் கொண்டுவர வேண்டும், அல்லது டார்கெட்டை ஏற்ற வேண்டும். மூன்றாவதற்குத்தான் செலவு கிடையாது. எது நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

இதில் எப்போதும் ஒரு குறுக்குப் பேச்சு வரும்: “ஏத்துனா வங்காளதேசத்துக்காரன்தான் ஊருக்கு அனுப்பப் போறான்.” குறைந்தபட்சச் சம்பளம் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அதே அளவுதான், அது அப்படித்தான் இருக்க வேண்டும். அவருக்கு 1,200, உங்கள் பையனுக்கு 1,700 என்று சட்டம் சொன்னால், யாரை வேலைக்கு எடுப்பார்கள்? 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் தொழிலாளர் தலைவர் ஆர்.எச். நாதன் காலத்தில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்ததே, சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றுதான். கூடவே, வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்றும் கேட்டார்கள். கூலியில் ஆளுக்கொரு நியாயம் என்பது எங்கே போய் முடியும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வீட்டு நோட்டு

1,700-இல் தொழிலாளி பங்கு ஈ.பி.எஃப். 187 போகும். மற்றப் பிடித்தங்களும் போனால் கைக்கு வருவது 1,500 சொச்சம். இதை மேலே எழுதுங்கள். கீழே ‘ஆகும் என்று நினைப்பது’ வேண்டாம், போன மாதம் உண்மையில் கொடுத்த காசை எழுதுங்கள்: வாடகை அல்லது வீட்டுக் கடன், மோட்டார் சைக்கிள் தவணை, பெட்ரோல், அரிசி மளிகை, பால் மாவு, பள்ளி வேன், டியூஷன், கைப்பேசி, கோயில் வரி, மொய். சீட்டுப் பணம் கட்டினால் அதைச் சேமிப்புக் கட்டத்தில் போடுங்கள். கடையில் கடன் சொல்லி வாங்கியதையும் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டுத்தான் பலர் நோட்டு சரியாக வருகிறது என்பார்கள்.

நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2018-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2016 விலைவாசிப்படி கோலாலம்பூரில் தனி ஆள் கௌரவமாக வாழ மாதம் 2,700, இரண்டு பிள்ளைகளோடு கணவன் மனைவிக்கு 6,500 தேவை என்றது. மேடையில் பேசுகிறவர்கள் இதை அப்படியே தூக்கிக்கொண்டு வருவார்கள். பீடோர் கோலாலம்பூர் இல்லை. வாடகை பாதிகூட வராது. ஆனால் கணக்குப் போடும் முறையைக் கடன் வாங்கலாம்: சோறும் கூரையும் மட்டும் போதாது, நல்லது கெட்டதுக்குப் போய் நிற்கவும் அவசரத்துக்கு எடுக்கவும் கொஞ்சம் இருக்க வேண்டும். உங்கள் நோட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், அந்த ஓட்டைதான் உயர்வு கேட்பதற்கான காரணம். எவ்வளவு என்ற எண்ணும் அதிலிருந்தே வரும்.

என் நோட்டுகள் சொல்வது இது: உயர்த்த வேண்டும். இரண்டு வருஷம் சும்மா இருந்து திடீரென்று தாவாமல், வருஷத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே அறிவித்து உயர்த்த வேண்டும். ஐந்து பேருக்குக் குறைந்த கடைகளுக்கு அரசாங்கம் கொஞ்ச காலம் தோள் கொடுக்கலாம். தோட்டத்தில் எண்ணை உயர்த்தும் அதே நாளில் டன் விலையும் அதே சதவீதம் உயர வேண்டும். நிரையில் நிற்கும் ஒவ்வொரு ஆளின் பெயரும் செக்ரோலில் ஏற வேண்டும். பின்னது இரண்டும் இல்லாத உயர்வு பத்திரிகைத் தலைப்புக்குத்தான் ஆகும். பதினைந்து வருஷ அனுபவமுள்ள மண்டோரும் (மேற்பார்வையாளரும்) நேற்று வந்த பையனும் ஏறக்குறைய ஒரே சம்பளம் வாங்கும் சங்கடமும் இருக்கிறது. அதைக் குறைந்தபட்சச் சம்பளம் தீர்க்காது. சங்கம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது.

எங்கே, எப்படிச் சொல்வது

உங்கள் சீட்டில் 1,700 இல்லாவிட்டால் முதலில் அதை முடியுங்கள். ஆபீசில் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் பக்கத்துத் தொழிலாளர் அலுவலகத்தில், ஜபாத்தான் தெனாகா கெர்ஜாவில், புகார் கொடுக்கலாம். ‘வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்’ என்ற செயலியிலும் போடலாம். வக்கீல் வேண்டியதில்லை. குறைத்துக் கொடுத்த முதலாளிக்கு ஒரு தொழிலாளிக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் உண்டு, குறைந்த தொகையைக் கொடுக்கச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தில் உறுப்பினர் என்றால் கிளைத் தலைவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். தனி ஆளைவிட மரியாதை கிடைக்கும்.

உயர்வு பற்றிய கருத்தென்றால் போக வேண்டிய இடம் தேசியச் சம்பள ஆலோசனை மன்றம், மஜ்லிஸ் பெருண்டிங்கான் காஜி நெகாரா. தொழிலாளர் தரப்பு, முதலாளி தரப்பு, அரசாங்கம், வெளியாட்கள் எல்லாரும் அதில் உண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்த எண்ணை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது சட்டம். முடிவு எடுப்பது அரசாங்கம்தான், ஆனால் பரிந்துரை அங்கிருந்துதான் போகும்.

கடிதம் ஒரு பக்கம் போதும். தமிழில் யோசித்து எழுதிவிட்டு, பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து மலாயில் மாற்றிக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் என்ன வேலை, எந்த மாவட்டம், நாள் சம்பளமா டன் கணக்கா. இரண்டாவதில் மூன்று மாதச் சீட்டின் எண்கள், எத்தனை பேர் உழைப்பு என்பதோடு. மூன்றாவதில் வீட்டுச் செலவின் பெரிய வரிகள். கடைசியில் என்ன எண் வேண்டும், எந்த நிபந்தனையோடு. ‘ஏழைகள் கண்ணீர்’, ‘இரத்தம் வேர்வை’ எல்லாம் வேண்டாம். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அதை நிறையப் படித்திருப்பார்கள். ‘என் கணவர் பெயரில் வரும் 1,768 வெள்ளிக்கு நானும் தினமும் வேலை செய்கிறேன், என் பெயர் எங்கேயும் இல்லை’ என்று ஒரு வரி இருந்தால் அதைத் தாண்டிப் போவது கஷ்டம்.

கடை வைத்திருப்பவர்களும் எழுதுங்கள். தட்டுக்கு எத்தனை காசு ஏறும் என்ற கணக்கோடு எழுதினால் உங்கள் பேச்சுக்கும் எடை இருக்கும்.

சீட்டின் நகலை இணைக்கும்போது பெயர், அடையாளக் கார்டு எண், கம்பெனி முத்திரை மூன்றையும் மறைத்துவிட்டு நகல் எடுங்கள். அசலை யாரிடமும், சங்கத்துக்காரரிடம்கூட, கொடுத்துவிட்டு வராதீர்கள். பிறகு புகார் என்று போனால் முதலில் கேட்பது அதைத்தான்.